அப்பத்தாவோட பேட்டரி: பேஸ்மேக்கர் ஆயுள் முடியப் போகுதுன்னா என்ன பண்ணணும்?

*(எபிசோடில் பேசியதைச் சுருக்கி, திருத்திய எழுத்து வடிவம்.)*

இன்னிக்கு எபிசோட்ல கொஞ்சம் வீட்டுக் கதை, கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் மருத்துவம். உங்க வீட்ல தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தா கடைசி வரைக்கும் கேளுங்க. இல்லாதவங்களும் கேளுங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு உதவும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க அப்பத்தாவுக்கு 82 வயசு. பொங்கல் அன்னைக்குக் காலையில வாசல்ல நின்னு எல்லாரையும் அதட்டி வேலை வாங்குற ஆள். இந்த வருஷம் திண்ணையை விட்டு எழுந்திரிக்கவே இல்லை. "என்ன அப்பத்தா, முடியலையா?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லய்யா, நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குது. வயசாகுதுல்ல"ன்னாங்க. நாங்களும் வயசுன்னே நினைச்சோம்.

அப்புறம் ராத்திரி படுத்திருக்கும்போதுதான் எனக்குத் தோணுச்சு. அப்பத்தாவுக்கு பேஸ்மேக்கர் வச்சு எத்தனை வருஷம் ஆச்சு? நான் காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி வச்சது. பத்து வருஷத்துக்கு மேல. அப்பாவை எழுப்பி, "கடைசியா எப்ப செக்கப் போனீங்க?"ன்னு கேட்டேன். அப்பா யோசிச்சார். ரொம்ப நேரம் யோசிச்சார். அப்பவே எனக்குப் பதில் தெரிஞ்சிடுச்சு.

பேஸ்மேக்கர் கூடக் கொடுத்த கார்டு, சாமி அலமாரியில ஒரு மஞ்சப்பைக்குள்ள இருந்தது. அதை எடுத்துக்கிட்டு செக்கப் போனோம். டெக்னீஷியன் கம்ப்யூட்டர் மவுஸ் மாதிரி ஒண்ணை அப்பத்தா தோள்பட்டைக்குக் கீழ வச்சார். ஸ்க்ரீன்ல ஒரு வரி வந்தது. "ஈ.ஆர்.ஐ." அந்த நிலை வந்த தேதியும் கருவிக்குள்ளயே பதிவாகியிருந்தது. ஏழு வாரம் ஓடிப்போயிருந்தது.

அந்த மூணெழுத்துக்கு என்ன அர்த்தம், ஏழு வாரம்னா ஏன் எங்களுக்கு வயித்தைக் கலக்குச்சு, அடுத்து என்ன பண்ணினோம், இதுதான் இன்னிக்கு விஷயம்.

முதல்ல, அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு?

நம்ம இதயத்துக்குச் சொந்தமா ஒரு மின்சார ஏற்பாடு இருக்கு. மேல் அறையில ஒரு இடத்துல சிக்னல் கிளம்பி, நடுவுல ஒரு சந்திப்பு வழியா கீழ் அறைகளுக்கு இறங்கும். அந்த வழியில எங்கயாவது தடை வந்தா துடிப்பு குறையும், தலை சுத்தும், சில பேர் அப்படியே மயங்கி விழுவாங்க. பேஸ்மேக்கர் இதயத்தைக் கவனிச்சுக்கிட்டே இருக்கும். துடிப்பு வர வேண்டிய நேரத்துல வரலைன்னா, சின்னதா ஒரு மின் தூண்டுதல் கொடுக்கும்.

இதுல ரெண்டு பாகம். ஒண்ணு, காலர் எலும்புக்குக் கீழ தோலுக்கு அடியில இருக்கிற சின்ன டைட்டானியம் பெட்டி. பேட்டரியும் சர்க்யூட்டும் அதுக்குள்ளதான். இன்னொண்ணு, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியா இதயத்துக்குள்ள போற வயர். அதை 'லீட்'ன்னு சொல்வாங்க.

"பேட்டரி மாத்தணும்"னு டாக்டர் சொன்னா, டி.வி. ரிமோட் மாதிரி மூடியைத் திறந்து செல்லை மாத்துறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. உடம்போட ஈரம் உள்ள போயிடக் கூடாதுன்னு அந்தப் பெட்டியை மொத்தமா வெல்டிங் பண்ணி மூடியிருப்பாங்க. திறக்கவே முடியாது. அதனால பெட்டி முழுசையும் எடுத்துட்டுப் புதுசு வைப்பாங்க. லீட் நல்லா இருந்தா அப்படியே விட்டுட்டு, புதுப் பெட்டியில சொருகிடுவாங்க.

பத்து வருஷம் எப்படி வருது? ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஃபோன் பேட்டரி சுமார் 5,000 மில்லி ஆம்பியர்-அவர். பேஸ்மேக்கர் பேட்டரி அதுல ஐந்துல ஒரு பங்கு, சுமார் 1,000ன்னு வச்சுக்கோங்க. ஃபோன் ஒரு நாள் தாங்குறதே பெருசு. இது எப்படிப் பத்து வருஷம் ஓடுது?

காரணம், அது எடுக்கிற மின்சாரம் அவ்வளவு கம்மி. 10 மைக்ரோ ஆம்பியர்னு வைங்க. ஒரு ஆம்பியர்ல லட்சத்துல ஒரு பங்கு. 1 ஆம்பியர்-அவரை அதால வகுத்தா 1,00,000 மணி நேரம் வரும். அதாவது 11 வருஷத்துக்கு மேல. இத்தனைக்கும் நிமிஷத்துக்கு 70 துடிப்புன்னா, ஒரு நாளைக்கு 1,00,800 துடிப்பு. முழுசா பேஸ்மேக்கரை நம்பியிருக்கிறவங்களுக்கு ஒவ்வொண்ணையும் அதுதான் கொடுக்கணும்.

ஒரே நாள்ல ஒரே மாடல் வச்ச ரெண்டு பேருக்கு ஆயுள் வேற வேற வரலாம். ஒருத்தருக்கு இதயம் பெரும்பாலும் தானாவே துடிக்கும், பேஸ்மேக்கர் சும்மா காவல் காக்கும். இன்னொருத்தருக்கு நாள் முழுக்க அதுதான் துடிக்க வைக்கும். அவருக்குச் சீக்கிரம் தீரும். ஒரு அறையை இயக்குறதைவிட ரெண்டு அறையை இயக்குறதுக்குச் செலவு கூட. தூண்டுதலோட வோல்ட்டேஜும் முக்கியம். அதைப் பாதியாக்கினா, அந்தத் தூண்டுதலுக்குச் செலவாகிற ஆற்றல் நாலுல ஒரு பங்கா குறையும். அதனாலதான் செக்கப்ல, "இந்த இதயத்துக்குக் குறைஞ்சது எவ்வளவு வோல்ட் போதும்?"னு சோதிச்சு, பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட வச்சு செட் பண்றாங்க. செக்கப்பைத் தவறவிட்டா, தேவைக்கு மேல செலவாகுதான்னு பார்க்கவும் ஆள் இல்லாமப் போயிடும்.

ஈ.ஆர்.ஐ. வந்தா இன்னும் எத்தனை நாள்?

எலெக்டிவ் ரீப்ளேஸ்மென்ட் இண்டிகேட்டர்ங்கிறதோட சுருக்கம்தான் ஈ.ஆர்.ஐ. "மாத்துறதுக்குத் தேதி குறிங்க"ன்னு அர்த்தம். ஃபோன் ஒரு சதவீதத்துல இருந்து பட்டுன்னு அணையுமே, அந்தப் பயம் இங்க வேண்டாம். பேஸ்மேக்கர்ல பல வருஷமாப் பயன்படுற லித்தியம்-அயோடின் பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தீரத் தீர உள்ளே மின்தடை மெதுவா ஏறும், புதுசுல சுமார் 2.8 வோல்ட்டா இருந்தது மெதுவா இறங்கும். அதனால முடிவு வர்றதை முன்கூட்டியே கணிக்க முடியும்.

வழக்கமா, ஈ.ஆர்.ஐ. வந்த பிறகு குறைஞ்சது மூணு மாசம் ஒழுங்கா வேலை செய்ற மாதிரிதான் கருவியை வடிவமைச்சிருப்பாங்க. அதுக்கு அப்புறம் வர்றது ஈ.ஓ.எஸ்., அதாவது எண்ட் ஆஃப் சர்வீஸ். அந்தக் கட்டத்துல கருவி எப்படி நடந்துக்கும்னு நம்ப முடியாது.

எங்க கணக்கைப் பாருங்க. மூணு மாசம்னா சுமார் 13 வாரம். அதுல ஏழு வாரம் எங்களுக்குத் தெரியாமலே போயிடுச்சு. பெரும்பாலான பேஸ்மேக்கர் சத்தம் போட்டுச் சொல்லாது. அதிர்ச்சி கொடுக்கிற ஐ.சி.டி. கருவிகள்ல சிலது பீப் அடிக்கும், சிலது அதிரும். அதை வச்சுக்கிட்டு, "நம்மளதும் அடிக்கும்"னு காத்திருக்கக் கூடாது.

அந்த மூச்சு வாங்கல் எதனால?

நான் எதிர்பார்க்காத விஷயம் இதுதான். சில கருவிகள் ஈ.ஆர்.ஐ. வந்ததும் தானாவே சிக்கன நிலைக்குப் போயிடும். நம்ம ஃபோன்ல 'பேட்டரி சேவர்' ஆன் ஆகுற மாதிரி. அப்பத்தாவோடது ரெண்டு அறைக் கருவி. நல்லா இருந்தப்ப, மேல் அறை, கீழ் அறைன்னு வரிசையா இயக்கும். நடந்தா வேகத்தைக் கூட்டும். சிக்கன நிலையில மேல் அறையைக் கைவிட்டுட்டு, கீழ் அறையை மட்டும் நிமிஷத்துக்கு 65ன்னு இயக்கும். வேகத்தையும் கூட்டாது.

உயிருக்கு அது போதும். ஆனா மேல் அறையும் கீழ் அறையும் ஒத்துப்போகலைன்னா இதயம் தள்ளுற ரத்தம் குறையும். நடந்தா மூச்சு வாங்கும், அசதியா இருக்கும். சில பேருக்குக் கழுத்துல துடிக்கிற மாதிரி தெரியும். நாங்க வயசுன்னு நினைச்சது, கருவி பேட்டரியை மிச்சம் பிடிச்சது.

அதனால பேஸ்மேக்கர் இருக்கிறவங்களுக்குப் புதுசா அசதி, மூச்சு வாங்கல், தலைசுத்தல், கால் வீக்கம்னு எது வந்தாலும் கருவியைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க. மயங்கி விழுந்தா, விழப் பார்த்தா, நாடி ரொம்ப மெதுவா இருந்தா, அன்னைக்கே மருத்துவமனைக்குப் போகணும். அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. பேஸ்மேக்கர் மேல காந்தம் வச்சா துடிப்பு வேகம் மாறும், அதை வச்சு பேட்டரி நிலையைக் கண்டுபிடிக்கலாம்னு இணையத்துல படிச்சிருப்பீங்க. உண்மைதான். ஆனா அது ஈ.சி.ஜி. ஓடிக்கிட்டு இருக்கும்போது டாக்டர் பண்ற வேலை. ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தத்தை எடுத்து வீட்ல சோதனை பண்ணாதீங்க. காந்தம் இருக்கிற ஃபோனையும் கருவியில இருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கணும். அதனால சட்டைப் பையிலயும் ஜாக்கெட்டுக்குள்ளயும் ஃபோன் வேண்டாம். அப்பத்தா சுருக்குப்பையை இடுப்புலதான் சொருகுவாங்க, அது பிரச்சினை இல்லை.

மாத்துறது பெரிய ஆபரேஷனா?

முதல் தடவை வச்சதைவிட இது பெரும்பாலும் சின்னது. இருக்கிற வடுவை ஒட்டி மரத்துப்போற ஊசி போடுவாங்க, தூக்கத்துக்குக் கொஞ்சம் மருந்தும் கொடுக்கலாம். பழைய பெட்டியை எடுத்து, லீட் நல்லா இருக்கான்னு சோதிச்சு, புதுப் பெட்டியைப் பொருத்தி, தையல் போடுவாங்க. லீட் சரியா இருந்தா சுமார் ஒரு மணி நேர வேலை. பல இடங்கள்ல அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

சின்னதுன்னா அலட்சியமா இருக்கலாம்னு அர்த்தம் இல்லை. ஏற்கனவே வடு இருக்கிற இடத்தைத் திரும்பத் திறக்கிறதால, முதல் தடவையைவிட இதுல கிருமித் தொற்று ஆபத்து கூட. தொற்று வந்தா பெட்டியோட லீட்டையும் சேர்த்து எடுக்க வேண்டி வரலாம். அது நிஜமாவே பெரிய வேலை. கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் கொடுப்பாங்க. அதுக்கு முந்தின நாட்கள்ல காய்ச்சலோ, புண்ணோ, சிறுநீர்த் தொற்றோ இருந்தா மறைக்காம சொல்லிடுங்க.

தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நாங்க கேட்ட கேள்விகள் இவை. நீங்களும் எழுதி வச்சுக்கோங்க.

முதல் கேள்வி: இவங்க எந்த அளவுக்கு பேஸ்மேக்கரை நம்பியிருக்காங்க? கருவி இல்லாம சொந்தத் துடிப்பே வராதவங்களுக்கு, பழைய பெட்டியைக் கழட்டுற அந்தச் சில நொடிகளுக்கும் முன்னேற்பாடு வேணும். தேவைப்பட்டா தற்காலிக பேஸிங் வைப்பாங்க.

ரெண்டாவது: ரத்தம் உறையாம இருக்கிறதுக்கான மாத்திரையை என்ன பண்றது? "ஆபரேஷன்தானே"ன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. வார்ஃபரின் சாப்பிடுறவங்கள்ல பலருக்கு, அதை நிறுத்திட்டு ஹெபாரின் ஊசி போடுறதைவிட வார்ஃபரினைத் தொடர்றதுல பெட்டி இருக்கிற இடத்துல ரத்தக்கட்டு குறைவா வருதுன்னு 2013ல வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மத்த மாத்திரைகளுக்குக் கணக்கு வேற. எதைத் தொடரணும், எதை எந்த நாள் நிறுத்தணும்னு டாக்டரையே எழுதித் தரச் சொல்லுங்க.

மூணாவது: அதே வகைக் கருவிதான் வைக்கணுமா? பத்து வருஷத்துல இதயம் மாறியிருக்கும். தேவைப்பட்டா எக்கோ எடுத்து, பம்ப் பண்ற சக்தி குறைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க. குறைஞ்சிருந்தா இன்னொரு லீட் சேர்க்க வேண்டி வரலாம். எப்படியும் திறக்கப் போறாங்க, அதனால முன்னாடியே கேட்டுடுறது நல்லது.

நாலாவது: எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா? "புதுக் கருவி எம்.ஆர்.ஐ.க்கு ஏத்தது"ன்னு சொன்னா மட்டும் போதாது. பழைய லீட்டும் அதுக்கு ஏத்ததா இருந்தாத்தான் முழு அமைப்பும் அந்தக் கணக்குல வரும்.

அஞ்சாவது: மொத்தம் எவ்வளவு? கருவி விலை தனி, மருத்துவமனைச் செலவு தனின்னு பிரிச்சுக் கேளுங்க. தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தாலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தாலும், அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே அங்க இருக்கிற காப்பீட்டுப் பிரிவுல எது கிடைக்கும், எது கிடைக்காதுன்னு கேட்டுடுங்க. சொன்ன ஆயுளுக்கு ரொம்ப முன்னாடியே பேட்டரி தீர்ந்திருந்தா வாரண்டி பத்தியும் கேளுங்க.

வீட்டுக்கு வந்த பிறகு காயத்தை ஈரம் படாம வச்சுக்கணும். சிவப்பு, வீக்கம், நீர் கசிவு, காய்ச்சல்னு எது வந்தாலும் கருவி வச்ச டாக்டர்கிட்டயே போங்க. வீங்கியிருக்குன்னு பக்கத்துல எங்கயாவது போய் ஊசி குத்தி உறிஞ்சி எடுக்க விடாதீங்க. அந்த ஊசி வழியாவே கிருமி உள்ள போகலாம்.

26 பெட்டி மாத்தின மனுஷன்

அப்பத்தாகிட்ட சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன். உலகத்துல முதல் முதலா உடம்புக்குள்ள பேஸ்மேக்கர் வச்சது 1958 அக்டோபர் 8. இடம், ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோமை ஒட்டியிருக்கிற கரோலின்ஸ்கா மருத்துவமனை. நோயாளி ஆர்னே லார்சன். இதய அடைப்பால ஒரு நாளைக்குப் பல தடவை மயங்கி விழுந்துக்கிட்டு இருந்தார். அவரோட மனைவி எல்ஸ்-மரீதான் விடாம நச்சரிச்சு, அறுவை மருத்துவர் ஓகே செனிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் சம்மதிக்க வச்சாங்க. அந்தக் கருவியை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சா வச்சு, எபாக்ஸி பிசினை ஊத்தி வார்த்தாங்க. வெளியில இருந்து சார்ஜ் ஏத்துற பேட்டரி. முதல் கருவி சில மணி நேரத்துலயே நின்னு போச்சு. கையில இருந்த இன்னொண்ணை வச்சாங்க.

அதுக்கப்புறம் தொழில்நுட்பம் வளர வளர, அவருக்கும் மாத்திக்கிட்டே வந்தாங்க. மொத்தம் 26 பேஸ்மேக்கர். 2001ல, 86 வயசுல, தோல் புற்றுநோயால இறந்தார். அதுக்குள்ள அவருக்கு ஆபரேஷன் பண்ண செனிங்கும், கருவி செஞ்ச எல்ம்க்விஸ்ட்டும் காலமாகியிருந்தாங்க. சாகப்போறவர்னு எல்லாரும் நினைச்ச நோயாளி, காப்பாத்தின ரெண்டு பேரையும் தாண்டி வாழ்ந்தார்.

"எனக்கு எதுக்குய்யா இன்னொரு மெசினு?"

கதையைக் கேட்டுட்டு அப்பத்தா சிரிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க: "எனக்கு எதுக்குய்யா இன்னொரு மெசினு? இருந்தவரைக்கும் போதாதா? இது ஓடிக்கிட்டே இருந்தா உசுரு போகாம இழுத்துக்கிட்டுல்ல கிடக்கணும்?"

அவங்க கடைசியாக் கேட்டதுதான் அவங்க மனசுல இருந்த பயம். நிறையப் பெரியவங்களுக்கு இது இருக்கு, வெளிய சொல்றதில்லை. டாக்டர் அவங்க பக்கத்துல உட்கார்ந்து பொறுமையா விளக்கினார். பேஸ்மேக்கர் தூண்டுதல் மட்டும்தான் கொடுக்கும். உடம்பு ஓய்ஞ்சு, இதயத் தசை பதில் சொல்லாத நிலைக்கு வந்துட்டா, தூண்டுதல் வந்தாலும் இதயம் துடிக்காது. அது சாவைத் தடுத்து நிறுத்தாது. "உங்களுக்கு இப்ப மாத்துறது, நாலு எட்டு நடந்தா மூச்சு வாங்காம இருக்கத்தான் பாட்டி"ன்னார்.

வேற நோய் முத்திப்போய் கடைசிக் கட்டத்துல இருக்கிறவங்களுக்கு, மாத்த வேண்டாம்னு முடிவு பண்றதும் நியாயமா இருக்கலாம். அதைக் குடும்பமும் டாக்டரும் கூடி, முக்கியமா அந்தப் பெரியவர்கிட்டயே கேட்டு முடிவு பண்ணணும். எங்க வீட்ல நாங்க எல்லாரும் தேதி, செலவுன்னு பேசிட்டு இருந்தோம். அப்பத்தாகிட்ட யாரும் கேட்கவே இல்லை. அது எங்க தப்பு.

சொல்றதுக்குக் கஷ்டமான ஒரு விஷயமும் இருக்கு. பேஸ்மேக்கர் இருக்கிறவர் இறந்துட்டா, தகனத்துக்கு முன்னாடி அதை எடுத்துடணும். சூட்டுல பேட்டரி வெடிக்கும். மருத்துவமனையிலயும் மயானத்துலயும் முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னிக்கே செய்ய வேண்டியது

கார்டைத் தேடி எடுங்க. ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. வச்ச தேதி, மாடல், லீட் விவரம் எல்லாம் அதுல இருக்கும். கடைசி செக்கப் எப்பன்னு கேளுங்க. பொதுவா 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்கு ஒரு தடவை பார்ப்பாங்க, பேட்டரி கடைசிக் கட்டத்துக்கு வந்தா இன்னும் அடிக்கடி வரச் சொல்வாங்க. செக்கப் முடிஞ்சதும், "பேட்டரி இன்னும் எத்தனை வருஷம் வரும்?"னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. அடுத்த தேதியை உங்க ஃபோன் காலண்டர்ல போடுங்க. ஊர்ல இருக்கிற அப்பா ஃபோன்ல வேண்டாம், அவர் மறந்துடுவார். எங்க அப்பா மறந்துட்டார்.

அப்பத்தாவுக்கு ஈ.ஆர்.ஐ. வந்து ஒன்பதாவது வாரத்துல மாத்தியாச்சு. லீட் ரெண்டும் நல்லா இருந்தது. பத்து நாள் கழிச்சு வீடியோ கால் பண்ணினேன். ஃபோனை அப்பா பிடிச்சிருந்தார். பின்னாடி அப்பத்தா குரல் மட்டும் கேட்டுச்சு, வாசல் தெளிக்கிறவங்களை அதட்டிக்கிட்டு இருந்தாங்க.

உங்க வீட்டு மஞ்சப்பையில கார்டு கிடைச்சா எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.